தத்தா, கார்டியனா? எங்கள் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேவகோட்டையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. காலையில் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குக் கிளம்பும்போது திண்ணையில் காத்திருப்பவர்களில் மாதத்துக்கு ரெண்டு பேராவது பிள்ளை விஷயமாக வந்திருப்பார்கள். காரைக்குடி, புதுவயல், பள்ளத்தூர், கோனாபட்டு, பொன்னமராவதி என்று எங்கிருந்து வந்தாலும் கேட்பது கிட்டத்தட்ட அதே கேள்விகளைத்தான். பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால் ஒரே இடத்தில் எழுதி, வக்கீல் ஐயாவிடம் படித்துக் காட்டித் திருத்தியும் வாங்கிவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

தத்து எடுக்கிறதுக்கும் கார்டியன் ஆகிறதுக்கும் அப்படி என்னண்ணே வித்தியாசம்? ரெண்டுமே பிள்ளையை வளர்க்கிறதுதானே?

வீட்டுக்குள் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அதே சோறு, அதே பள்ளிக்கூடம். ஆனால் தத்து என்றால் 'இது யார் பிள்ளை' என்பதே மாறிவிடுகிறது. நேற்றுவரை அவர் மகன், இன்றிலிருந்து உங்கள் மகன். இனிஷியல், வாரிசுரிமை, கொள்ளி போடுவது எல்லாம் இடம் மாறும், மாறினது திரும்பாது. கார்டியன் என்றால் பிள்ளை யாருடையதோ அவருடையதாகவே இருக்கும், அது மேஜர் ஆகிறவரை அதையும் அதன் சொத்தையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மட்டும்தான் உங்களிடம் வரும்.

சட்டங்களும் வேறு வேறு. தத்துக்கு ரெண்டு வழி: இந்து, ஜைன, பௌத்த, சீக்கியர்களுக்கு 1956-ஆம் வருஷத்துத் தத்துச் சட்டம், எந்த மதத்தவருக்கும் 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம். கார்டியனுக்கு எல்லா மதத்தவருக்கும் பொதுவாக வெள்ளைக்காரன் காலத்து 1890 சட்டம், இந்துக்களுக்கு அதோடு சேர்த்து 1956-இல் வந்த மைனர் கார்டியன் சட்டம். கீழே வருஷத்தை வைத்தே சொல்லிக்கொண்டு போகிறேன்.

எங்க அக்கா போனதுலேர்ந்து ஆறு வருஷமா அவ மகனை நான்தான் வளர்க்கிறேன். பள்ளிக்கூடத்துல கார்டியன்னு என் கையெழுத்துதான். அது போதாதா?

பள்ளிக்கூடத்துக்குப் போதும், சட்டத்துக்குப் போதாது. ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போடுகிறவர் யார் என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தப் படிவத்தில் பாதுகாவலர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பினால் சட்டப்படி கார்டியன் ஆகிவிட முடியாது. ஆதாரில் உங்கள் முகவரி இருப்பதும், ரேஷன் கார்டில் பெயர் சேர்த்திருப்பதும் அப்படித்தான்.

நீங்கள் இப்போது இருக்கிற நிலைக்குச் சட்டத்தில் நடைமுறைக் கார்டியன் என்று பெயர், அதாவது பார்த்துக்கொள்கிறவர், ஆனால் அதிகாரம் இல்லாதவர். பிள்ளைக்குச் சாப்பாடு போட, டாக்டரிடம் கூட்டிப் போக யாரும் தடுக்கமாட்டார்கள். பாஸ்போர்ட், அக்கா பெயரில் கிடக்கிற வங்கிப் பணம், ஊரில் உள்ள நிலம் என்று வரும்போதுதான் 'கோர்ட் ஆர்டர் எங்கே' என்று கேட்பார்கள். அக்கா வீட்டுக்காரர் உயிரோடு இருந்தால் சட்டப்படி அவர்தான் இயற்கைக் கார்டியன், அதாவது யாரும் நியமிக்காமலே கார்டியன், அவர் ஆறு வருஷமாக எட்டிப் பார்க்கவில்லை என்றாலும் கூட. அது தனிக் கதை, கீழே வருகிறது.

நோட்டரிகிட்ட முத்திரைத்தாள்ல எழுதி ரெண்டு வீட்டாரும் கையெழுத்துப் போட்டுட்டோம். அப்ப தத்து முடிஞ்சுதுல்ல?

இல்லை. 56-ஆம் வருஷச் சட்டப்படி தத்தின் உயிரே பிள்ளையைக் கொடுத்து வாங்குவதில்தான் இருக்கிறது. பெற்றவர்கள் பிள்ளையைக் கையில் கொடுக்க வேண்டும், எடுக்கிறவர்கள் அதே எண்ணத்தோடு வாங்க வேண்டும். அது நடந்திருந்தால் பத்திரமே இல்லாவிட்டாலும் தத்து செல்லும். அது நடக்காமல் வெறும் பத்திரம் மட்டும் இருந்தால் எத்தனை சீல் குத்தியும் பிரயோஜனம் இல்லை.

அப்புறம் பத்திரம் எதற்கு என்றால், நிரூபிக்க. கொடுத்தவரும் எடுத்தவரும் கையெழுத்துப் போட்டு, சார்பதிவாளர் ஆபீஸில் பதிவான தத்துப் பத்திரம் இருந்தால், சட்டப்படி நடந்த தத்துதான் அது என்று கோர்ட் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். நோட்டரி பத்திரத்துக்கு அந்தப் பலம் கிடையாது. முப்பது வருஷம் கழித்து, கொடுத்தவர் எடுத்தவர் யாரும் உயிரோடு இல்லாதபோது பங்காளி ஒருவர் 'இவன் யாரு?' என்று கேட்கிற நாளை நினைத்துப் பதிவு செய்துவிடுங்கள். பதிவுக்குப் போகும்போது விழா போட்டோ ரெண்டு மூன்றையும் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

எங்களுக்குப் பிள்ளை கூட்டினது ஊர் கூடி நடந்துச்சு, மஞ்ச தண்ணியும் குடிச்சாச்சு. இதுக்கு மேல கோர்ட் ஆர்டர் ஏதும் வேணுமா?

வேண்டாம். நகரத்தார், அதாவது செட்டியார் வீடுகளில் பிள்ளை கூட்டுவதும் (தத்து எடுப்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள்) அதற்கு மஞ்சள் நீர் குடிப்பதும் பரம்பரையாக நடப்பது. அதில் கொடுத்து வாங்குவது தெளிவாக நடந்திருந்தால் அதுவே தத்து. ஹோமம் கட்டாயமில்லை என்றுகூட சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பெற்றவர்கள் ரெண்டு பேர் சம்மதமும் வேண்டும், எடுக்கிற பக்கத்தில் கணவனுக்கு மனைவி சம்மதமும் மனைவிக்குக் கணவன் சம்மதமும் வேண்டும். 2010 வரைக்கும், கணவன் இருக்கும்போது மனைவி தன் பெயரில் தத்து எடுக்க முடியாமல் இருந்தது, இப்போது கணவர் சம்மதத்தோடு எடுக்கலாம்.

கோயிலில் புள்ளி சேர்ப்பது, அதாவது கோயிலின் குடும்பக் கணக்கில் சேர்ப்பது வேறு, சட்டம் வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோயில் வழக்கப்படி ஒப்புக்கொண்டாலும் மேலே சொன்ன சம்மதங்களில் ஒன்று குறைந்தால் கோர்ட்டில் நிற்காது. அதேபோல சட்டப்படி சரியான தத்தை எந்தக் கோயில் ஏற்கும், ஏற்காது என்பது அந்தந்தக் கோயில் பெரியவர்கள் விஷயம். அதற்கு என்னிடம் வராதீர்கள்.

கல்யாணம் ஆன பையனைக் கூட்டலாமா? எங்க ஐயாவை அப்படித்தான் கூட்டினாங்களாம்.

பொது விதி, 15 வயது முடியாத, கல்யாணம் ஆகாத பிள்ளையைத்தான் தத்து எடுக்கலாம் என்பது. ஆனால் அதே பிரிவில், எடுக்கிறவர்களுக்குப் பொருந்துகிற வழக்கம் வேறாக இருந்தால் அது செல்லும் என்றும் இருக்கிறது. நகரத்தாரில் வளர்ந்த பையனை, கல்யாணமானவரையே கூட்டுகிற வழக்கம் இருப்பதால் உங்கள் ஐயா கதை நடந்தது. அந்த வழக்கம் இல்லாத சமூகத்தார் 'செட்டியார் வீட்டில் செய்கிறார்களே' என்று இருபத்தைந்து வயதுப் பையனைத் தத்து எடுத்தால் செல்லாது. வழக்கம் இருக்கிறது என்று சொல்கிறவர்தான் அதைக் காட்ட வேண்டும், முறி என்கிற பழைய எழுத்துப் பத்திரங்கள், சாட்சிகள் என்று.

பிள்ளை விடுற வீட்டுக்குப் பணம் கொடுக்கிறது முறைதானே?

ஒரு காலத்தில் முறைதான். சிறுகூடல்பட்டியில் முத்தையாவாகப் பிறந்த கவிஞர் கண்ணதாசன் 7000 ரூபாய்க்குச் சுவீகாரம் போய், அந்த வீட்டில் நாராயணனாக வளர்ந்தவர் என்பது ஊரறிந்த கதை. அது 56-க்கு முந்தைய காலம். இப்போது தத்துக்காகப் பணமோ வேறு பிரதிபலனோ கொடுப்பதும் வாங்குவதும் குற்றம், ஆறு மாதம் வரை ஜெயில் அல்லது அபராதம் அல்லது ரெண்டும்.

எங்களுக்கு ஒரு மகன் இருக்கான். பொம்பளைப் பிள்ளை ஒண்ணு எடுக்கலாமா? இன்னொரு மகன்?

பெண் பிள்ளை எடுக்கலாம், இன்னொரு மகன் கூடாது. இது 56 சட்டக் கணக்கு: மகனோ, மகன் வழிப் பேரனோ, கொள்ளுப் பேரனோ உயிரோடு இருந்தால் ஆண் பிள்ளையைத் தத்து எடுக்க முடியாது. மகளோ, மகன் வழிப் பேத்தியோ இருந்தால் பெண் பிள்ளையை எடுக்க முடியாது. மகள் வழிப் பேரன் பேத்திகள் கணக்கில் வரமாட்டார்கள். ஆண் ஒருவர் பெண் பிள்ளையை எடுத்தாலும், பெண் ஒருவர் ஆண் பிள்ளையை எடுத்தாலும் 21 வயது வித்தியாசம் வேண்டும். கல்யாணம் ஆகாதவர், விதவை, விவாகரத்தானவர் எல்லோரும் தனியாகவே எடுக்கலாம்.

2015 சட்டத்தில் இந்த ஆண், பெண் கணக்கு இல்லை. ஆனால் அங்கே தனி ஆளாக வருகிற ஆணுக்குப் பெண் குழந்தை தரமாட்டார்கள்.

ஆஸ்பத்திரியில ஒரு பச்சைக் குழந்தை இருக்காம், பெத்தவ வேணாம்னுட்டாளாம். சத்தமில்லாம வாங்கிட்டு வந்து பிறப்புச் சான்றிதழை நம்ம பேர்ல போட்டுடலாம்னு ஒருத்தர் சொல்றார். செய்யலாமா?

வேண்டவே வேண்டாம். இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் நான் எழுந்து நின்றுவிடுவேன். அது தத்து இல்லை, குழந்தை விற்பனை. 2015 சட்டத்தில் அதற்கு 5 வருஷம் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் இருக்கிறது. ஆஸ்பத்திரி ஆட்கள் செய்தால் 3 வருஷத்துக்குக் குறையாமல் 7 வருஷம் வரை. பொய்யான பிறப்புச் சான்றிதழ் வைத்து வளர்த்த குழந்தையைப் போலீஸ் வந்து தூக்கிக்கொண்டு போகும்போது அந்த வீட்டில் கேட்கிற அழுகையை ஒரு தடவை கேட்டிருக்கிறேன், அது போதும். பெற்றவள் நிஜமாகவே வளர்க்க முடியாதவளாக இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள். அவள் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கலாம், மனசு மாறினால் திரும்ப வாங்கிக்கொள்ள 2 மாதம் அவகாசமும் தருவார்கள்.

முன்பின் தெரியாத குழந்தையைத் தத்து எடுக்க ஒரே வழி மத்திய தத்து ஆணையத்தின், எல்லோரும் 'காரா' என்று சொல்வதன், இணையதளத்தில் பதிவு செய்வது. கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கும், அங்கே போனால் வழி காட்டுவார்கள். வீட்டுக்கு வந்து விசாரித்து அறிக்கை எழுதுவார்கள், அப்புறம் வரிசையில் காத்திருக்க வேண்டும், குழந்தை விவரம் காட்டினால் 48 மணி நேரத்துக்குள் வேண்டும், வேண்டாம் என்று சொல்ல வேண்டும். தம்பதி என்றால் கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆகியிருக்க வேண்டும். 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கணவன் மனைவி ரெண்டு பேர் வயதையும் கூட்டினால் 85-க்கு மேல் போகக் கூடாது, தனி ஆள் என்றால் 40. பெரிய பிள்ளைகளுக்கு இந்த வரம்பு கூடிக்கொண்டே போகும். 2022 செப்டம்பரிலிருந்து கடைசி உத்தரவு போடுவது கோர்ட் இல்லை, கலெக்டர்தான். பழைய ஆட்கள் சிலர் இன்னும் கோர்ட்டுக்கு வந்து நிற்கிறார்கள்.

நாங்க முஸ்லிம். மார்க்கத்துல தத்து கிடையாதுங்கிறாங்க. எங்களுக்குக் கார்டியன் மட்டும்தானா?

உங்கள் மதத்துக்கான தனிச் சட்டத்தில் தத்து இல்லை, அதனால் ரொம்ப காலம் 1890 சட்டப்படி கார்டியன் ஆவது ஒன்றுதான் வழியாக இருந்தது. கிறிஸ்தவர்களுக்கும் அதே நிலைதான். இளைஞர் நீதிச் சட்டம் வந்த பிறகு எந்த மதத்தவரும் அதன்படி தத்து எடுக்கலாம், தனிச் சட்டம் அதற்குத் தடை இல்லை, விருப்பமிருப்பவர்கள் எடுக்கலாம், யாருக்கும் கட்டாயம் இல்லை என்று 2014-இல் சுப்ரீம் கோர்ட் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

மார்க்கப்படிதான் நடப்போம் என்பவர்கள் கார்டியன் வழியை எடுத்து, பிள்ளைக்குச் சொத்துச் சேர உயிரோடு இருக்கும்போதே ஹிபா, அதாவது தானம் எழுதி வைக்கிறார்கள். அதுவும் சரியான வழிதான்.

பெத்த வீட்டுச் சொத்துல தத்துப் போன பிள்ளைக்குப் பங்கு உண்டா?

தத்து போன தேதியிலிருந்து அந்த வீட்டு உறவு அறுந்தது, அதற்குப் பிறகு பெற்ற அப்பா இறந்தால் வாரிசாகப் பங்கு கேட்க முடியாது. ஆனால் தத்துக்கு முன்னாலேயே அவன் பெயருக்கு வந்துசேர்ந்த சொத்து அவனோடேயே போகும். பெற்ற அப்பா முதலில் இறந்து, அவர் சொத்தில் அவன் பங்கு அவனுக்கு வந்த பிறகு தத்து கொடுத்திருந்தால் அந்தப் பங்கு அவனுடையதுதான். இதில்தான் தேதி முக்கியம், பத்திரத்தில் நாள், மாதம், இடம் எல்லாம் எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

ஒன்று மட்டும் அறுபடாது. பெற்ற வீட்டு உறவில் யாரைக் கட்டக் கூடாதோ, தத்து போன பிறகும் அவர்களைக் கட்டக் கூடாது.

பிள்ளை கூட்டின ரெண்டாம் வருஷம் எங்களுக்கே ஒரு மகன் பிறந்துட்டான். இப்ப எப்படி?

ரெண்டு மகன்கள், அவ்வளவுதான். பழைய சாஸ்திர முறையில் இப்படிப் பின்னால் பிள்ளை பிறந்தால் சுவீகாரப் பிள்ளைக்குப் பங்கு குறைவு. 56 சட்டத்துக்குப் பிறகு சம பங்கு. தத்து எடுத்தபோது உங்களுக்கு மகன் இல்லை, அதனால் அந்தத் தத்து சரி, பின்னால் பிறந்ததால் அது கெடாது.

அப்ப தத்தை ரத்து பண்ண முடியாதா? பையன் சரியில்லை.

முடியாது. சரியாக நடந்த தத்தை எடுத்தவரும் ரத்து செய்ய முடியாது, பிள்ளையும் 'வேண்டாம், பெற்ற வீட்டுக்கே போகிறேன்' என்று திரும்ப முடியாது. பேப்பரில் விளம்பரம் கொடுப்பதும், சார்பதிவாளரிடம் ரத்துப் பத்திரம் எழுதுவதும் பணத்துக்குப் பிடித்த கேடு. பெற்ற மகன் சரியில்லை என்றால் என்ன செய்வீர்களோ அதைத்தான் இங்கேயும் செய்ய முடியும். நீங்களே சம்பாதித்ததை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம், தத்து எடுத்ததால் அந்த உரிமை போகாது. ஒரு விதிவிலக்கு உண்டு: தத்து எடுக்கும்போதே 'இந்தச் சொத்தை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டேன்' என்று ஒப்பந்தம் எழுதியிருந்தால் அது கட்டுப்படுத்தும். அதனால் விழா அவசரத்தில் யாரோ நீட்டுகிற தாளில் கையெழுத்துப் போடாமல் படித்துப் பாருங்கள்.

கார்டியன் விஷயம் நேர் எதிர். பிள்ளையின் நலனுக்குக் கேடு என்று தெரிந்தால் கோர்ட் நீக்கும், முடியவில்லை என்றால் நீங்களே விலகிக்கொள்ள மனு போடலாம்.

கார்டியனா இருந்து இருபது வருஷம் வளர்த்திருக்கேன். எனக்குப் பிறகு என் சொத்து அந்தப் பிள்ளைக்குத்தானே?

தானாக வராது. உங்கள் அண்ணன் தம்பி, அவர்கள் பிள்ளைகள் என்று சட்டம் வரிசையாகத் தேடிப் போகுமே தவிர நீங்கள் வளர்த்த பிள்ளையைத் திரும்பிப் பார்க்காது. தாசில்தார் தருகிற வாரிசுச் சான்றிதழில் அதன் பெயரே வராது. உயில் எழுதுங்கள், அல்லது செட்டில்மெண்ட் எழுதுங்கள். இதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், 'ஆகட்டும்ப்பா, நல்ல நாள் பார்த்து எழுதுவோம்' என்று போன ஆச்சி ஒருவர் நல்ல நாள் வருவதற்குள் போய்விட்டார். வளர்த்த பெண் இப்போது வாடகை வீட்டில் இருக்கிறாள்.

மகன் போயிட்டான். பேரனுக்குப் பெரிய வீட்டுல பங்கு இருக்கு. நான் தாத்தா, நான்தான் வளர்க்கிறேன். மத்த பங்காளிகளோட சேர்ந்து நானே கையெழுத்துப் போட்டு வித்துடலாமா?

எங்கள் பக்கத்தில் அதிகம் சிக்கல் வருகிற இடம் இதுதான், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரைக்கும் நீள்கிற வீடு, அதற்கு இருபது முப்பது பங்கு, பங்குக்காரர்களில் ஒருவர் மலேசியாவில், ஒருவர் சென்னையில், ஒருவர் ஆறாம் வகுப்புப் படிக்கிற பையன். வாங்குகிறவர் அட்வான்ஸோடு நிற்கிறார், எல்லோரும் 'ஐயா கையெழுத்துப் போட்டால் போதும்' என்கிறார்கள். போதாது. பையனின் அம்மா இருந்தால் அவர்தான் இயற்கைக் கார்டியன், தாத்தா அல்ல. அவருக்குக்கூட மைனரின் தனிப் பங்காக வந்த அசையாச் சொத்தை விற்க, அடமானம் வைக்க, 5 வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விட கோர்ட் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் விற்றால் பையன் மேஜராகி 3 வருஷத்துக்குள், அதாவது 21 முடிவதற்குள், வழக்குப் போட்டு அந்த விற்பனையை ரத்து செய்யலாம். தாத்தா, பெரியப்பா, மாமா என்று வெறுமனே வளர்க்கிறவர்கள் விற்றால் அதற்கு மதிப்பே கிடையாது, நடைமுறைக் கார்டியன் மைனர் சொத்தைத் தொடவே கூடாது என்று சட்டம் முகத்துக்கு நேராகச் சொல்கிறது.

வழி என்ன என்றால், மாவட்ட கோர்ட்டில் மனு. விற்பது அவசியமா, பிள்ளைக்கு நன்மையா என்று மட்டும்தான் கோர்ட் பார்க்கும். 'வீடு இடிந்து விழப் போகிறது, ஓடு சரிகிறது, பங்குக்கு வருகிற பணத்தில் பையன் படிப்பான்' என்று காட்டினால் பெரும்பாலும் அனுமதி கிடைக்கும், பையன் பங்குப் பணத்தை அவன் பெயரில் வங்கி டெபாசிட்டாகப் போடச் சொல்வார்கள். அந்தப் பணத்தைத் தொட்டுக் கடன் அடைக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இது பிடிப்பதில்லை. தேக்குத் தூணும் கதவும் தனியாக விலை போகிற காலம் இது, அதனால்தான் கோர்ட் இவ்வளவு கறார்.

இதில் ஒரு நுணுக்கம். இன்னும் பிரிக்காத கூட்டுக் குடும்பச் சொத்தில் மைனருக்கு இருக்கிற பங்குக்கு இந்த அனுமதி விதி பொருந்தாது, குடும்பத் தலைவர் அவசியத்துக்காக விற்கலாம். ஆனால் உங்கள் வீடு அந்த வகையா, அல்லது மகன் இறந்ததும் பேரன் பெயருக்குத் தனிப் பங்காக இறங்கிவிட்டதா என்பதைப் பழைய பாகப்பிரிவினைப் பத்திரங்களைப் பார்த்து வக்கீல்தான் சொல்ல வேண்டும்.

அப்பா போயிட்டார், அம்மா மறுகல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. அப்பத்தா கார்டியன் ஆக முடியுமா?

மனு போடலாம், ஆனால் அம்மா மறுமணம் செய்ததால் மட்டும் கார்டியன் உரிமையை இழப்பதில்லை. அப்பாவோ அம்மாவோ உயிரோடு, தகுதியோடு இருக்கும்போது கோர்ட் வேறு ஆளைப் போடாது. தகுதி இல்லை என்று காட்ட வேண்டும், அல்லது அம்மாவே சம்மதிக்க வேண்டும். கடைசியில் எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது பிள்ளையின் நலன். விவரம் தெரிந்த வயது என்றால் நீதிபதி பிள்ளையையே கூப்பிட்டுக் கேட்பார். அப்பா இருக்கும்போதும் அம்மா கார்டியனாக இருக்க முடியும் என்று கீதா ஹரிஹரன் வழக்கில் 1999-இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது, அப்பா கைவிட்டுப் போன, பொறுப்பே எடுக்காத வீடுகளுக்கு உதவும். மேலே அக்கா மகனை வளர்க்கிறவருக்கும் நான் சொல்வது இதுதான்: அத்தானிடம் பேசிப் பாருங்கள், அவர் ஆட்சேபனை இல்லை என்று அஃபிடவிட் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது.

பிள்ளையை சிங்கப்பூருக்குக் கூட்டிட்டுப் போகணும். எது வசதி?

தத்துப் பிள்ளை உங்கள் பிள்ளை, டிபென்டென்ட் விசா கேட்க அதுவே ஆதாரம். ஆனால் 56 சட்டப்படி எடுத்த பிள்ளையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்க் குடியமர்த்த இப்போது கலெக்டரின் சரிபார்ப்பும் காராவின் தடையில்லாச் சான்றும் வேண்டும். டிக்கெட் போட்ட பிறகு இதைக் கேட்டுக்கொண்டு வருகிறார்கள்.

கார்டியன் என்றால் இன்னும் கஷ்டம். கோர்ட் நியமித்த கார்டியன் அந்தக் கோர்ட்டின் எல்லையைத் தாண்டிப் பிள்ளையைக் கொண்டுபோக அதே கோர்ட்டில் அனுமதி வாங்க வேண்டும். முதல் மனுவிலேயே இதையும் சேர்த்துக் கேட்டுவிடுவது நல்லது, ரெண்டு தடவை அலைய வேண்டாம்.

கோர்ட்ல கார்டியன் போட்டா 21 வயசு வரைக்கும்னு சொல்றாங்களே?

அது பழைய சட்டம். 1999-இல் திருத்திவிட்டார்கள், இப்போது எல்லோருக்கும் 18-தான்.

எங்க பையனுக்கு மூளை வளர்ச்சி இல்லை. இந்த ஆவணியோட 18 ஆகுது. அதுக்கப்புறம் நாங்க யாரு?

நியாயமான பயம். 18 ஆனதும் சட்டத்தின் கண்ணில் அவனும் மேஜர், பெற்றவராக இருந்தாலும் அவன் சார்பில் கையெழுத்துப் போட உங்களுக்கு அதிகாரம் இல்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல குறைபாடுகள் சேர்ந்து உள்ளவர்களுக்காக 1999-ஆம் வருஷத்து தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதன்படி கலெக்டர் இருக்கிற உள்ளூர்க் குழுவிடம் மனு கொடுத்து 18-க்குப் பிறகும் கார்டியனாக ஆகலாம், கோர்ட்டுக்கு வர வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

எங்களுக்கு ஏதாவது ஆயிட்டா பிள்ளையை இன்னார் பார்த்துக்கணும்னு உயில்ல எழுதலாமா?

எழுதலாம். அப்பா எழுதினால், அம்மா உயிரோடு இருக்கிறவரை அந்த நியமனம் தூங்கிக்கொண்டிருக்கும், அம்மாவும் யாரையும் நியமிக்காமல் போனால்தான் எழுந்து நிற்கும். நீங்கள் எழுதுகிறவரிடம் முதலில் கேட்டுவிட்டு எழுதுங்கள். உயிலைப் படித்த பிறகுதான் தன் பெயர் இருப்பதே தெரிந்து முழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போதைக்குக் கார்டியனா இருந்துட்டு அப்புறமா தத்து எடுத்துக்கலாமா?

எடுக்கலாம். அப்பா அம்மா ரெண்டு பேருமே இல்லாத பிள்ளை என்றால் கொடுக்க ஆள் இல்லையே என்று குழம்புவார்கள். கோர்ட்டின் முன் அனுமதியோடு கார்டியனே கொடுக்கலாம், தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் 15 வயது வரம்பு ஞாபகம் இருக்கட்டும், மேலே சொன்ன மாதிரி வழக்கம் இல்லாத சமூகம் என்றால் 14 முடிவதற்குள் மனுவைப் போட்டுவிடுங்கள், வாய்தா வாய்தா என்று வயது ஓடிவிடும்.

சித்தப்பா, மாமா, அத்தை, சித்தி, தாத்தா, பாட்டி என்கிற நெருங்கிய சொந்தம் 2015 சட்டத்தின் உறவினர் தத்து வழியிலும் போகலாம். அதில் எடுக்கிறவர்களுக்கு மேலே சொன்ன வயது வரம்பு கிடையாது, மதமும் தடையில்லை, கலெக்டர் உத்தரவோடு முடியும். வரும்போது பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பெற்றவர்கள் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ், உங்கள் கல்யாணப் பதிவு, ரெண்டு பேர் ஆதார் ஆகியவற்றை ஒரிஜினலோடு எடுத்து வாருங்கள். ஜெராக்ஸ் கடை காலை ஒன்பதரைக்குத்தான் திறக்கும்.